கண்டனமும் துவேஷமும்

ஒரு சர்க்காரின் தன்மையை அறிய விரும்புவோர், அது தன்னைப் புகழ்வோரை எவ்வாறு நடத்துகிறதென்று பார்ப்பதில் பயனில்லை. குறை கூறுவோனுக்கு எந்தச் சொல்லை அனுமதிக்கிறது, எந்தச் சொல்லுக்கு விலங்கு பூட்டுகிறது என்பதையே பார்க்கவேண்டும். முதலியார்பேட்டை வழியே தெற்கு நோக்கிச் செல்லும் கடலூர்ச் சாலை ஒரு காலத்தில் இதற்கு நல்ல அளவுகோலாக விளங்கிற்று. இப்பால் பிரெஞ்சுச் சட்டம். சில மைல் கடந்து கடலூரை அடைந்தால் பிரிட்டிஷ் சட்டம். இருபுறத்து மக்களும் பேசியது ஒரே தமிழ்தான். ஆயினும் இங்கே பத்திரிகை எழுத்தாக உலவிய வாக்கியம், அங்கே ராஜத்துவேஷம் எனப் பெயர் பெற்றது. இந்த வேற்றுமைக்கு மூலம் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள்.

குறை கூறுதலுக்கு இங்கிலீஷில் படிப்படியாகப் பல சொற்கள் உண்டு. 'கிரிட்டிஸிஸம்' என்பது குணமும் குற்றமும் நாடி மதிப்பிடுதல். 'டிஸ்அப்ரூவல்' என்பது ஒப்புக்கொள்ளாமை. 'ரெப்ரோச்' என்பது மனம் நொந்து பழித்தல். 'ரெப்ரிமாண்ட்' மேலதிகாரி கீழுள்ளவனுக்குத் தரும் கண்டிப்பு. 'ஸென்ஷர்' ஒரு சபை முறைப்படி நிறைவேற்றும் கண்டனம். 'டினௌன்ஸ்' என்றால் பலரறியச் சாடுதல். 'கன்டெம்ப்ட்' என்றால் அவமதிப்பு. இவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கமாட்டா. மேலதிகாரியைப் பார்த்துக் கீழ் உத்தியோகஸ்தன் 'ரெப்ரிமாண்ட்' செய்ய இயலாது. தனி மனிதன் ஒருவன் கடைத்தெருவில் நின்று சொல்லும் குறை சபையின் 'ஸென்ஷர்' ஆகாது.

இவ்வளவு நுட்பம் பேசும் பாஷையைக் கொண்டே பிரிட்டிஷார் நமக்கு ஒரு வலை பின்னினர். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் 124-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. சர்க்காரிடம் 'டிஸ்அஃபெக்ஷன்', அதாவது அப்பிரீதி, உண்டாக்குவது குற்றம் என்றது அப்பிரிவு. சர்க்காரின் காரியங்களை 'டிஸ்அப்ரொபேஷன்' செய்வது, அதாவது அங்கீகரியாமற் குறை கூறுவது, குற்றமன்று என்றது அதன் விளக்கம். காகிதத்தில் இந்த எல்லைக்கோடு அழகாகவே இருந்தது. அக்கோடு எங்கே ஓடுகிறதென்று சொல்லும் அதிகாரமோ நீதிபதியிடம் இருந்தது.

1891இல் கல்கத்தாவில் 'பங்கபாஸி' பத்திரிகை வழக்கை விசாரித்த பிரதம நீதிபதி பெதரம், ஒருவன் செய்கையை ஒப்பாமலே அவனிடம் பிரியம் வைத்திருக்கக் கூடும் என்று இரு சொற்களையும் வேறு பிரித்துக் காட்டினார். ஆறே வருஷங்கள் கழித்து, 1897இல் பம்பாயில் திலகர் வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்ட்ரேச்சி, அப்பிரீதி என்பதற்கு அன்பில்லாமை என்றே பொருள் கூறிவிட்டார். திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது. குறை கூறாதிருந்தாற் போதாது, அன்பும் செலுத்தவேண்டும் என்பது இதனால் ஏற்பட்ட முடிவு. வரி வசூலிக்கும் சர்க்கார் அன்பையும் வசூலிக்கப் புறப்பட்ட விந்தை இது! 1922 மார்ச் 18ஆம் தேதி ஆமதாபாத் நீதிமன்றத்தில் காந்தியடிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அன்பைச் சட்டத்தினால் உண்டாக்கவோ ஒழுங்குபடுத்தவோ முடியாதென்று கூறியது இந்த விந்தைக்கே நேரான விடையாகும். அவர் பெற்றது ஆறு வருஷத் தண்டனை.

தமிழ்நாடு 1908இல் இதன் கொடுமையை முழுவதும் அனுபவித்தது. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவமும் தமிழில் நிகழ்த்திய பிரசங்கங்கள், இங்கிலீஷ் சொற்களால் இயன்ற சட்டத்தின் தராசில் நிறுக்கப்பட்டன. நீதிபதி பின்ஹே பிள்ளையவர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தார். அதே வருஷத்தில் சென்னை 'இந்தியா' பத்திரிகையின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் சிறைப்பட்டார். பாரதியார் புதுவை சேர்ந்தார். பத்திரிகையும் அவரைத் தொடர்ந்து வந்து, 1910 வரை இங்கிருந்து வெளிவந்தது. எழுத்து மாறவில்லை, எழுதியவரும் மாறவில்லை. எல்லை ஒன்றே மாறிற்று. பிரிட்டிஷார் அப்பத்திரிகையைத் தங்கள் எல்லைக்குள் நுழையவொட்டாது தடுத்தனர். 1918 நவம்பரில் பாரதியார் அவ்வெல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைபட்டார்.

புதுவையில் அவர் எழுத முடிந்ததற்கு பிரெஞ்சு அதிகாரிகளின் பெருந்தன்மையைக் காரணமாகக் கூறுவதற்கில்லை. 1936 ஜூலை 30ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளரைச் சுட்டுப் பன்னிருவர் உயிரைப் போக்கியதும் அதே ஆட்சிதான்; ஆலைத் தொழிலாளர் வாழும் முதலியார்பேட்டைக்கு இதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. வேற்றுமை சட்டத்தின் சொல்லில் இருந்தது. 1881 ஜூலை 29ஆம் தேதியிட்ட பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் உரியது. ஒருவன்மீது குறிப்பிட்ட செயலை ஏற்றி மானத்தைக் குலைப்பது 'திஃபமாசியோன்'. செயல் எதையும் கூறாமல் வெறுமனே வைவது 'ஆன்ஷூர்' என்று அது பிரித்தது. உத்தியோகஸ்தரின் உத்தியோகச் செயலைப் பற்றிச் சொன்னது உண்மையென்று ரூபிக்கவும் அது இடந்தந்தது. சொன்னது என்ன, அது மெய்யா என்று கேட்பது ஒரு முறை. நெஞ்சில் அன்பு இருக்கிறதா என்று துருவுவது மற்றொரு முறை. எது நாகரிகம் வாய்ந்ததென்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இது பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. சுதந்திரம் வந்த பின்னும் 124-ஏ நீங்கவில்லை. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், பலாத்காரத்தையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டும் பேச்சுக்கே அப்பிரிவு பொருந்தும், கடுமையான கண்டனம் மட்டும் குற்றமாகாது என்று வரம்பு கட்டிற்று. 2022 மே மாதத்தில் அப்பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நியாய ஸம்ஹிதையில் 'அப்பிரீதி' இல்லை. ஆனால் 152ஆம் பிரிவில் நாட்டின் ஒருமைக்கு ஆபத்து விளைத்தல், பிரிவினை உணர்ச்சியை ஊக்குதல் முதலிய புதிய சொற்கள் வந்திருக்கின்றன. 'டிஸ்அப்ரொபேஷன்' குற்றமன்று என்ற விளக்கம் மட்டும் பழைய வார்த்தையோடே தொடர்கிறது. நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக நமது வாயைக் காத்து நிற்கும் கேடயம் அந்த ஒரு வார்த்தை. அதன் பொருளை அறியாத பிரஜை, கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடி வாங்குவான்.

சட்டசபைகளிலும் இச்சொற்களுக்கு விலை உண்டு. லோக்சபையில் கண்டனத் தீர்மானம் கொண்டுவருவோர் காரணத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அது வேண்டியதில்லை. ஓர் இலாகாவின் கொள்கையை ஒப்பாதவர், அதன் மானியத்தை ஒரே ரூபாயாகக் குறைக்கவேண்டும் என்று பிரேரேபிப்பார். ஒரு தனிக் குறையை மாத்திரம் சுட்ட விரும்புவோர் நூறு ரூபாய் குறைக்கக் கோருவார். குறையின் அளவுக்கேற்ற சொல், சொல்லுக்கேற்ற நடவடிக்கை.

நமது பாஷை இந்த நுட்பத்தில் வறியதன்று. வசைப்பாட்டையே வெளிப்படையாகச் சொல்வது, கரந்து சொல்வது என இருவகையாகத் தொல்காப்பியர் வகுத்தார். இடித்துரைத்தல், கழறுதல், கடிதல், பழித்தல், இகழ்தல், தூற்றல் என்ற ஒவ்வொன்றும் தனிப்பொருள் உடையது. இடித்துரைப்பவன் திருந்தவேண்டுமென்று விரும்புகிறான். தூற்றுபவன் அழியவேண்டுமென்று விரும்புகிறான். நம் மேடைகளிலோ வடிகால் அடைப்புக்கும் கண்டனம், துப்பாக்கிப் பிரயோகத்துக்கும் கண்டனம்! எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வீசினால் அது மழுங்கிப்போகும். அதற்கு மேலும் ஓர் அபாயம் உண்டு: கண்டனத்தையும் துவேஷத்தையும் நாமே கலந்து பேசினால், அதிகாரிகளும் அவற்றைக் கலந்து எழுதிக்கொள்வார்கள்.

ஆகவே தேச ஊழியர்களுக்கு நாம் கூறுவது இது. குற்றஞ்சாட்டும்போது செயலைக் குறிப்பிடுங்கள், தேதியைச் சொல்லுங்கள், என்ன மாற்றம் வேண்டுமென்று கேளுங்கள். அந்நிய பாஷையில் எழுதிய எந்த அறிக்கையிலும், ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ப் பொருள் விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். இவ்வாறு கூறுவதால் கண்டனத்தின் வேகம் குறையாது, குறி தவறாது. சர்க்காரிடம் அன்பு செலுத்துவதும் செலுத்தாததும் பிரஜையின் இஷ்டம். குறை கண்டவிடத்து அஞ்சாமற் கூறுவதோ அவன் கடமை.