ஒரு கேபி காலத்து மெமரி பேக்குகள்: சேகரிப்பது எப்படி? பாதுகாப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குச் சென்றால் நாம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "ராம் எவ்வளவு?" என்பதுதான். "எட்டு ஜிபி, போதாவிட்டால் இன்னொரு எட்டு போட்டுத் தருகிறேன்" என்பார் கடைக்காரர். இப்படி மெமரியைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது.

1981 மார்ச் மாதம் பிரிட்டனில் சிங்ளேர் நிறுவனம் இசட்எக்ஸ் 81 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் இருந்த ராம் ஒரே ஒரு கிலோபைட், அதாவது 1,024 பைட்டுகள். இன்றைய 8 ஜிபி கம்ப்யூட்டரில் இருப்பது அதைப்போல 83,88,608 மடங்கு! அந்த ஒரு கேபியை 16 கேபி ஆக்குவதற்கு ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை விற்றார்கள். அதற்குப் பெயர் ராம் பேக். இது போன்ற பெட்டிகளையும் கார்டுகளையும் இன்று உலகெங்கும் பலர் தேடிச் சேகரிக்கிறார்கள். அவை ஏன் தேவைப்பட்டன, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், கெடாமல் எப்படி வைத்திருப்பது என்று பார்ப்போமா?

ஒரு கேபி ஏன் போதவில்லை?

ராம் என்பது கம்ப்யூட்டரின் மேசை. செய்கிற வேலை எல்லாம் அதன் மேல்தான் பரப்பப்படும். இசட்எக்ஸ் 81-ல் திரையில் தெரியும் எழுத்துகளும் இதே மேசையில்தான் இடம் பிடித்தன. திரை முழுதும் நிரம்பினால் அதற்கு மட்டும் 793 பைட்டுகள். கம்ப்யூட்டர் தன் சொந்தக் கணக்குகளுக்கு 125 பைட்டுகள் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் கூட்டினால் 918. உங்கள் புரோகிராமுக்கு மிஞ்சுவது நூற்றுச் சொச்சம் பைட்டுகள்தான். இந்தக் கட்டுரையின் ஒரு நீண்ட வாக்கியம்கூட அதில் அடங்காது. இதற்குள்ளும் வித்தை காட்டியவர்கள் உண்டு. டேவிட் ஹார்ன் என்பவர் இந்தக் கம்ப்யூட்டருக்கு 672 பைட்டுகளில் ஒரு செஸ் விளையாட்டையே எழுதினார். ஆனால் எல்லோராலும் அது முடியாதே! எனவே ராம் பேக் நன்றாக விற்றது.

இந்தப் பேக்கில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. கம்ப்யூட்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்யூட் போர்டு ஓரத்தில் அதைச் செருக வேண்டும். பிடித்து நிறுத்த ஸ்குரூ எதுவும் கிடையாது. கீயை அழுத்தும்போது பேக் சற்றே ஆடினாலும் இணைப்பு விட்டுப்போகும், கம்ப்யூட்டர் நின்றுவிடும். கேசட்டிலிருந்து பல நிமிடங்கள் காத்திருந்து ஏற்றிய புரோகிராம் போய்விடும். டேப் ஒட்டியும், பசை போன்ற களிமண்ணை வைத்து அழுத்தியும் சமாளித்தார்கள். பழைய பேக்கின் ஓரத்தில் அத்தகைய பசைத் தடம் இருந்தால் வியக்க வேண்டாம்.

கூடுதல் மெமரி எப்போதும் நல்லதா?

இன்று ராம் கூடினால் நன்மைதான். அன்று அப்படிச் சொல்ல முடியாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கமடோர் நிறுவனத்தின் விக் 20. இதில் மொத்த ராம் 5 கேபி. ஆன் செய்தவுடன் 3583 பைட்டுகள் காலியாக இருப்பதாகத் திரையில் காட்டும். இதற்கு 3, 8, 16 கேபி கார்ட்ரிட்ஜ்கள் வந்தன. 3 கேபி செருகினால் 6655 என்றும், 8 கேபி செருகினால் 11775 என்றும், 16 கேபி செருகினால் 19967 என்றும் எண் மாறும்.

8 கேபி அல்லது அதற்கு மேல் செருகினால் இன்னொன்றும் நடக்கும். திரைக்கான மெமரி 7680 என்ற முகவரியிலிருந்து 4096-க்கு இடம் மாறிவிடும். நேராக 7680-ல் எழுதும்படி தயாரிக்கப்பட்ட புரோகிராம்கள் அப்போது திரையில் எதையும் சரியாகக் காட்டாது. அதனால் சில புரோகிராம்களுக்குக் கார்ட்ரிட்ஜ் இருக்கவே கூடாது. சிலவற்றுக்கு 3 கேபி மட்டும் வேண்டும். வேறு சிலவற்றுக்கு 8 கேபியாவது வேண்டும். ஒரு கார்ட்ரிட்ஜ் கெட்டுப்போனால் அதை நம்பி எழுதப்பட்ட புரோகிராம்களையும் அசல் கம்ப்யூட்டரில் இயக்க முடியாமல் போகிறது. சேகரிப்பவர்கள் பெரியது ஒன்று போதும் என்று விடாமல், சிறியவற்றையும் தேடுவது இதனால்தான்.

1982-ல் வந்த கமடோர் 64-ல் வேறு சிக்கல். அதன் பிராசஸரால் ஒரே நேரத்தில் 64 கேபியைத்தான் பார்க்க முடியும். அந்த 64 கேபி ஏற்கெனவே உள்ளேயே இருந்தது. பின்னாளில் கமடோர் வெளியிட்ட எக்ஸ்பான்ஷன் பெட்டிகள் இதை ஒரு தந்திரத்தால் தாண்டின. பெட்டிக்குள் இருக்கும் ஒரு தனி சிப், வேண்டிய பகுதியை வினாடிக்குச் சுமார் 10 லட்சம் பைட்டுகள் வேகத்தில் கம்ப்யூட்டரின் மெமரிக்குக் காப்பி செய்யும். இவற்றில் மூன்று மாடல்கள்: 1700 என்பதில் 128 கேபி, 1764-ல் 256 கேபி, 1750-ல் 512 கேபி. இவற்றில் 1764 மட்டும் கமடோர் 64-க்கு என்றே விற்கப்பட்டது. கூடுதல் மின்சாரம் தேவை என்பதால் அதனுடன் பெரிய பவர் சப்ளை ஒன்றும் தந்தார்கள். மற்ற இரண்டும் கமடோர் 128-க்கு உரியவை.

முதல் எதிரி: பேட்டரி

பழைய மெமரி போர்டுகளைக் கொல்வதில் முதலிடம் பேட்டரிக்குத்தான். 1987-ல் வந்த அமிகா 500 கம்ப்யூட்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு கதவு உண்டு. அதற்குள் ஏ501 என்ற 512 கேபி போர்டைச் செருகினால் மொத்தம் 1 எம்பி ஆகும். அதே போர்டில் தேதி, நேரம் காட்டும் கடிகாரமும், அது நிற்காமல் ஓட ரீசார்ஜ் ஆகும் நிக்கல் கேட்மியம் பேட்டரியும் இருக்கும். வேறு நிறுவனங்கள் தயாரித்த போர்டுகளிலும் இதே அமைப்பு உண்டு.

ஆண்டுகள் செல்லச் செல்ல இந்தப் பேட்டரி கசியும். கசிவது காரத்தன்மை உள்ள திரவம். அது போர்டில் உள்ள செம்புக் கோடுகளை அரித்து, சிப்களின் கால்கள் வரை சென்று, இணைப்பு முனைகளையும் பாழாக்கும். சில சமயம் கம்ப்யூட்டரின் உள்ளேயும் பரவும். போர்டைப் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் கசிவு நிற்காது. பச்சை அல்லது நீல நிறப் பூஞ்சை போலத் தெரிந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

என்ன செய்யலாம்?

1. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டுப் போர்டைக் கழற்றவும். கையுறையும் கண்ணாடியும் அணியவும்.

2. பேட்டரியை அகற்றிவிடவும். கடிகாரம் மட்டும் நேரத்தை மறக்கும். மெமரி வழக்கம்போல் வேலை செய்யும். சால்டரிங் பழக்கம் இல்லாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

3. கசிந்த இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தடவவும். அது லேசான அமிலம் என்பதால் காரத்தை முறிக்கும்.

4. பிறகு டிஸ்டில்டு வாட்டராலும், அதன் பின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலும் துடைத்து, நன்றாக உலரவிடவும். வினிகரை அப்படியே விட்டுவிட்டால் அதுவே அரிக்கத் தொடங்கும்.

5. கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். கேட்மியம் நச்சு உலோகம். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கவும்.

இரண்டாவது எதிரி: தவறான மின்சாரம்

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் 4116 என்ற மெமரி சிப் மிகவும் பரவலாக இருந்தது. எட்டு சிப்கள் சேர்ந்தால் 16 கேபி. இதற்கு பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5 என மூன்று வோல்டேஜ்கள் தேவை. இதில் மைனஸ் 5 மட்டும் வராமல் போனால் சிப் கெட்டுவிடும். எனவே பல ஆண்டுகள் கிடந்த பேக்கை வாங்கியவுடன் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் வோல்டேஜ்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கமடோர் 64-உடன் வந்த பழைய பவர் சப்ளையும் ஆபத்தானது. அதன் உள்ளிருக்கும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட்டுக்குப் பதிலாக அதிக வோல்டேஜ் பாய்ந்து மெமரி சிப்களை எரித்துவிடும். மீட்டர் வைத்துப் பார்க்கும்போது 5.25-ஐத் தாண்டினால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிய பவர் சப்ளை பயன்படுத்தவும்.

இன்னொரு விதியை மறக்கவே கூடாது. இவை இன்றைய பென் டிரைவ் போன்றவை அல்ல. கம்ப்யூட்டர் ஆன் நிலையில் இருக்கும்போது செருகவோ, உருவவோ கூடாது.

வாங்கும்போது கவனிக்க

போர்டின் இரு பக்கப் படங்களையும் கேட்டு வாங்கவும். "சோதிக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தால் வேலை செய்யாது என்றே எண்ணி விலை பேசவும்.

சிப்களின் மேல் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 8423 என்றிருந்தால் 1984-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஒரு சிப் மட்டும் மற்றவற்றைவிடப் பிந்தையது என்றால் அது பின்னாளில் மாற்றப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அது குறையல்ல, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கையில் வந்ததும் இணைப்பு முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். பிறகு துரு பிடிப்பதைத் தடுக்க முடியாது.

மெமரி முழுதும் தெரிகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. இசட்எக்ஸ் 81-ல் பிரிண்ட் பீக் 16388 + 256 * பீக் 16389 என்ற கட்டளையை ஆங்கிலத்தில் கொடுங்கள். 17408 என்று வந்தால் 1 கேபி மட்டுமே தெரிகிறது. 32768 என்று வந்தால் 16 கேபியும் தெரிகிறது.

வைத்திருக்கும் முறை

போர்டுகளை ஆன்டி ஸ்டாட்டிக் பையில் போட்டு வைக்கவும். தெர்மோகோலில் நேராகப் பதிக்க வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்களுக்கு எமன். பையுடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போடுங்கள். வெயிலில் கொதிக்கும் பரண் வேண்டாம். பீரோவின் கீழ்த்தட்டு போதும். வெளிச்சம் படும் இடத்தில் வெளிர் நிறப் பெட்டிகள் மஞ்சளாகும். ஒயர்களைப் பெட்டியின் மேல் சுற்றி வைத்தால் நாளடைவில் ஒயர் உறை பிளாஸ்டிக்கில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

அதைவிட முக்கியம், குறிப்பு எழுதுவது. எந்தக் கம்ப்யூட்டருக்கு உரியது, எத்தனை கேபி, எந்த சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும், என்று பழுது பார்க்கப்பட்டது என ஒரு தாளில் எழுதிப் பையுடன் வைக்கவும். கையேடு இருந்தால் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பேக் இருந்து விவரம் தொலைந்தால், உங்களுக்குப் பின் வருபவருக்கு அது வெறும் கறுப்புப் பெட்டிதான். பழுதானதையும் எறிய வேண்டாம். அதிலிருக்கும் நல்ல சிப்கள் இன்னொரு போர்டைப் பிழைக்க வைக்கும்.

கையில் எதுவும் இல்லையா?

கவலை வேண்டாம். வைஸ் என்ற இலவச எமுலேட்டர் புரோகிராமை இறக்கிக்கொண்டால் உங்கள் கம்ப்யூட்டரே விக் 20 ஆகவோ, கமடோர் 64 ஆகவோ மாறும். விக் 20-ஐத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் பகுதியில் மெமரியை முதலில் இல்லை என்றும், பிறகு 3, 8, 16 கேபி என்றும் மாற்றிப் பாருங்கள். மேலே சொன்ன 3583, 6655, 11775, 19967 என்ற எண்கள் ஒவ்வொன்றாக உங்கள் திரையில் வரும். எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி தேவை என்பதை இதில் பழகிக்கொண்டு பிறகு அசலைத் தேடினால் பணம் வீணாகாது.

அமிகா போர்டு எதுவும் உங்களிடமோ, நண்பர்களிடமோ இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே திறந்து பேட்டரியைப் பாருங்கள்.