குன்னூர் டாக்டரும் எங்கள் ராகியும்

போன தை மாதம் களத்தில் ராகி தூற்றி மூட்டை கட்டினோம். வியாபாரி வண்டியோடு வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு. என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க: “பரண்ல கண்ணு முழிச்சு ஆனை விரட்டினது யாருக்காக?”

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி மனசில் கிடந்தபோதுதான் டாக்டர் ராபர்ட் மெக்கரிசனைப் பற்றிப் படித்தேன்.

1878-இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1901-இல் மருத்துவ அதிகாரியாக இந்தியா வந்தார். 1918-இல் நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு வருகிற நோய் அது. தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. நரம்பும் இதயமும் கெடுகின்றன. அந்த ஓர் அறை 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. அதுதான் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

நாட்டின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதை எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார் மெக்கரிசன். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி என்ற சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் திடமாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டைத் தின்றவை கடைசி! கறியையும் பாலையும் அவர் தள்ளவில்லை. ஆனால் முழுத் தானியம், பயறு, கீரை, காய் இதெல்லாம் தட்டில் நிறைய இருக்கணும் என்பதுதான் அவர் கடைசிவரை சொன்னது.

நமக்கு முக்கியமான விஷயம் இன்னொன்று. கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்தோடு சேர்ந்து, 1926-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தொழு உரத்தில் விளைந்த சிறுதானியத்திலும் கோதுமையிலும், ரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்து கூடுதல் என்று அதில் எழுதினார்கள். பின்னால் நடந்த சோதனைகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லணும். ஆனாலும் தட்டில் இருக்கும் சோற்றைப் பார்த்து, அது விளைந்த மண்ணைப் பற்றிக் கேட்ட டாக்டர் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? இயற்கை வேளாண்மை முன்னோடி ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் ஆய்வுகளை எடுத்துப் பேசினார்.

அஞ்செட்டிக்கு இது புதுசு இல்லை. நம்ம பாட்டிமார் களியும் கீரையும் அவரைக்கொட்டைக் குழம்பும்தானே போட்டார்கள்? 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இன்று பிள்ளைகள் ஓசூர் கம்பெனிக்கு பஸ் ஏறுகிறார்கள், பட்டி காலியாகிறது, எருக்குழி காய்கிறது, ராகி வண்டி ஏறிப் போகிறது.

இந்த வருஷம் நான் ரெண்டு முடிவு எடுத்திருக்கேன். ஒன்று, இருக்கிற ரெண்டு மாட்டையும் விற்பதில்லை. இன்னொன்று, களத்தில் கட்டுகிற முதல் நாலு மூட்டை வீட்டுக்கு, மிச்சம்தான் வியாபாரிக்கு. நீங்களும் யோசிச்சுப் பாருங்க.