அலுவலக விருந்துக்குப் பட்ஜெட் குறைந்துவிட்டதா? மெனுவில் கைவைக்கும் முன்...

"இந்த வருஷம் 500 வெள்ளிதான். பாத்து செய்யுங்க."

மேலாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சென்ற ஆண்டு 800 வெள்ளியைத் தாண்டிய அதே 40 பேர் விருந்து. இம்முறை ஏற்பாடு உங்கள் தலையில்!

பலரும் முதலில் செய்வது, மெனுவில் ஓர் உணவை வெட்டுவது. பெரும்பாலும் வெட்டப்படுவது சைவ உணவு.

"ரெண்டு பேர்தானே, சமாளிச்சுக்குவாங்க."

எப்படிச் சமாளிப்பார்கள்? வெறும் சோறு, இரண்டு துண்டு தர்பூசணி. மேசையில் யாரும் அதைக் கவனிக்கவும் மாட்டார்கள்.

அப்படி வெட்டினாலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பஃபே உணவின் விலை தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடப்படுகிறது.

கணக்கைப் பார்ப்போமா?

ஓர் எடுத்துக்காட்டு. தலைக்கு 18 வெள்ளி, 40 பேருக்கு 720. கொண்டுவந்து தரும் கட்டணம் 50. அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. மொத்தம் 839 வெள்ளி 30 காசு.

ஓர் உணவைக் குறைத்து, விலை தலைக்கு 1 வெள்ளி இறங்கினால்கூட மிச்சம் 43 வெள்ளி 60 காசுதான்.

நேரத்தை மாற்றிப் பாருங்கள். மதிய உணவுக்குப் பதில் பிற்பகல் 3 மணிக்குத் தேநீர் விருந்து. பீஹூன், கறி பப், குவே, தேநீர். தலைக்கு 10 வெள்ளி என்றால், கட்டணமும் வரியும் சேர்த்து 490 வெள்ளி 50 காசு. 40 பேரும் சாப்பிடலாம், சைவமும் இருக்கும்.

அழைப்பிலேயே "தேநீர் விருந்து" என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் எல்லாரும் மதியம் சாப்பிடாமல் வந்து நிற்பார்கள். 3.10க்கு கறி பப் காலி!

நேரத்தை மாற்ற முடியாதா?

அப்படியென்றால் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். "எல்லாரும் வருவாங்க" என்று நினைத்து 40 பேருக்குச் சொல்லாதீர்கள். விடுப்பில் இருப்பவர்கள், வெளியில் வேலை உள்ளவர்கள் எத்தனை பேர்? பெயர் பெயராகக் கேளுங்கள். 32 பேர்தான் என்றால், அதே மெனுவில் வரியும் சேர்த்துச் சுமார் 157 வெள்ளி குறையும்.

ஆனால் குறைந்தது இத்தனை பேருக்கு எடுக்கவேண்டும் என்று கேட்டரிங் நிறுவனங்கள் நிபந்தனை வைப்பதுண்டு. சொன்ன விலையில் வரி அடங்குமா, தட்டு கரண்டி அடங்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மலிவான இடத்திற்கு மாறலாமா?

மாறலாம். முஸ்லிம் சக ஊழியர்கள் இருந்தால் முயிஸின் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். "பன்றி இறைச்சி இல்லை" என்ற அறிவிப்பு ஹலால் ஆகிவிடாது. ஆளுக்கொன்றாக வீட்டில் சமைத்துக் கொண்டுவருவதிலும் இதே சிக்கல்தான். செலவு குறையும், சிலர் சாப்பிட முடியாமல் போகலாம்.

மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போகலாமா?

அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கேட்டரிங் உணவில் நேர முத்திரை இருக்கும். சமைத்த 4 மணிநேரத்திற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அந்த 4 மணிநேரம், உணவு உங்கள் அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து அல்ல, சமைத்ததிலிருந்து தொடங்குகிறது. மேலாளர் முக்கால் மணிநேரம் பேசுபவர் என்றால், உணவு வரும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளியே சொல்லிவையுங்கள்.