சட்டத்தரணியிடம் போகுமுன் நாம் தெரிந்திருக்க வேண்டியவை



“கோடு கச்சேரிப் பக்கம் போகாமல் இருந்தாலே புண்ணியம்” என்று நம்ம லயங்களில் பெரியவர்கள் சொல்வதுண்டு. போகாமல் இருக்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் வேலையை நிறுத்திவிட்டால், சேவைக்காலப் பணம் கைக்கு வராவிட்டால், இருக்கிற இடத்தை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தால், நாம் போகாவிட்டாலும் வழக்கு நம்மைத் தேடி வருகிறது. அந்த நேரத்தில் யாரிடம் போவது, என்ன கேட்பது என்று தெரியாமல், கோட்டு வாசலில் நிற்கிற முதல் தரகரிடம் காசையும் தாள்களையும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம்மில் பலர். நாங்கள் பார்த்த அளவில் நம்ம ஆட்கள் தோற்றுப்போகிற காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, நாள் தவறியது. மற்றது, தாள் இல்லாதது. ஆகையால் இவ்விரண்டையும் மனதில் வைத்து இதை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் சட்டத்தரணி வேண்டுமா?

வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த ஒரு தாய்க்கு இது 420 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். அறவிடுவதற்குத் திணைக்களமே நீதிமன்றம் போகும். ஊழியர் சேமலாப நிதி கட்டப்படாத விஷயமும் அப்படியே. இதற்கெல்லாம் காசு கொடுத்து ஆள் பிடிக்கத் தேவையில்லை.

அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்று இருந்தால் சத்தியக் கடதாசி கேட்பார்கள். அதைச் சமாதான நீதவான் முன்னிலையில் செய்துகொள்ளலாம். புருஷன் செலவுக்குக் கொடுக்காத பெண், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தனக்கும் பிள்ளைகளுக்கும் நீதவான் நீதிமன்றத்தில் தானே விண்ணப்பிக்கலாம்.

வேலை நீக்கம் என்றால் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். அங்கே நம்ம சங்கமே அங்கத்தவருக்காக விண்ணப்பம் போடலாம், ஆஜராகிப் பேசலாம். முதலில் தோட்டத் தலைவரையும் மாவட்டக் காரியாலயத்தையும் கேளுங்கள். சங்கம் பார்க்காவிட்டால் அல்லது விஷயம் சிக்கலாக இருந்தால் சட்டத்தரணியிடம் போகலாம்.

நாள் கணக்கு

சட்டத்தரணி முன்னால் உட்கார்ந்ததும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஐயா, இதுக்குக் கடைசி நாள் எப்போ?” என்பதே. காசு எவ்வளவு என்பது அதற்குப் பிறகு.

வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான். ஜனவரி 10ஆம் திகதி நிறுத்தினார்கள் என்றால் ஜூலை 10க்கு முதல் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். “துரையிடம் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்” என்று சும்மா இருந்தால், பேச்சு நடக்கும், நாளும் ஓடும். நியாய சபையின் தீர்ப்பு சரியில்லை என்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய 30 நாள்.

அரசாங்க அதிகாரி ஒருவர் நம் அடிப்படை உரிமையை மீறினால், உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரே ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் இந்தக் கணக்கில் சேராது. முறையிடக் காசு இல்லை. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அரசாங்கத்தின் மேல் நட்டஈட்டு வழக்குப் போடுவதென்றால் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக வைக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இந்த வேலைகளை அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவர்தான் செய்ய வேண்டும்.

அரச காணியை விட்டு வெளியேறச் சொல்லி 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வந்தால், அதைச் சுவரில் செருகி வைக்காதீர்கள். அதில் குறைந்தது 30 நாள் தவணை இருக்கும். பிறகு விஷயம் நீதவானிடம் போகும். அங்கே “நாலு தலைமுறையாக இருக்கிறோம்” என்று சொன்னால் மட்டும் எடுபடாது. அரசாங்கம் தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்து அதிகாரமோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்க இடம் இருக்கிறதா என்பதைச் சட்டத்தரணி பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு நாள் வேண்டும். அறிவித்தல் வந்த அன்றே, அல்லது மறுநாளே போங்கள்.

யாரைப் பிடிப்பது?

முந்திய காலத்தில் பிரக்கிராசி வேறு, அப்புக்காத்து வேறு. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்துக்குப் பிறகு எல்லாரும் சட்டத்தரணிகள் என்ற ஒரே பெயரில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் எல்லாரும் எல்லா வழக்கும் பேசுவதில்லை. அடிதடி வழக்கில் பேர்போனவருக்குக் காணி வழக்கு பழக்கமில்லாமல் இருக்கலாம். “ஐயா இந்த மாதிரி வழக்கு முன்பு பேசியிருக்கிறீங்களா?” என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. நல்லவர் கோபிக்க மாட்டார். ஏற்கெனவே அவரிடம் போன இரண்டு மூன்று பேரையும் விசாரித்துப் பாருங்கள்.

காணி, வீடு வாங்குவதானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் உறுதி எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இதுதான் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, தலைவர் கையெழுத்துப் போட்டாலும் அது உறுதி ஆகாது.

புரொக்சி என்றால் என்ன?

குடியியல் வழக்கில் சட்டத்தரணி நம்மிடம் ஒரு தாளில் கையொப்பம் வாங்குவார். அதைத்தான் புரொக்சி என்கிறோம். அது நீதிமன்றத்தில் சேர்ந்த பிறகு அவர் நம் பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணி. அவருக்குக் கொடுக்கிற அறிவித்தல் நமக்குக் கொடுத்த மாதிரிதான். அவரை விட்டு வேறொருவரிடம் போக வேண்டுமென்றால், நீதிமன்ற அனுமதியுடன் அந்தப் புரொக்சியை ரத்துச் செய்ய வேண்டும். பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய ஆளிடம் காசு கட்டினால் காசும் போகும், நாளும் போகும்.

வெறுந்தாளில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்களைக் கொடுப்பதானால், என்னென்ன கொடுத்தோம் என்று எழுதி ஒரு கையொப்பம் வாங்குங்கள். போட்டோப் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

தவணை நாளில் நாமும் போக வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வழக்குப் போட்டவர் தரப்பில் யாரும் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகலாம். எதிராளி தரப்பில் யாரும் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விளங்கித் தீர்ப்புச் சொல்லலாம். ஒரு நாள் பேர் போகிறதே என்று வேலைக்குப் போய், வழக்கையே இழந்துவிடக் கூடாது.

காசு விஷயம்

முழு வழக்குக்கும் எவ்வளவு, ஒரு தவணைக்கு எவ்வளவு, முத்திரை, தட்டச்சு, பிரயாணச் செலவு அதில் அடங்குமா என்று முதல்நாளே பேசுங்கள். கொழும்பில் இன்னொரு சட்டத்தரணி பேச வேண்டி வருமா, அவருக்கு வேறாகக் கொடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். கொடுக்கிற காசுக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். இடையில் நிற்கிற ஆள் கையில் கொடுக்காதீர்கள். “நீதவானைத் தெரியும், முடித்துத் தருகிறேன்” என்று எவராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

காசு இல்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தலைமையகம் கொழும்பு புதுக்கடையில். வெளி மாவட்டங்களிலும் நிலையங்கள் உண்டு. ஆலோசனை இலவசம். வருமானம் குறைந்தவர்களுக்கு நீதிமன்றத்திலும் ஆஜராவார்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வந்த கடிதம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

மொழி தெரியாவிட்டால்

அழைப்பாணை சிங்களத்தில் வந்தால், யாரோ ஒருவர் அரைகுறையாகச் சொன்னதை நம்பி மடித்து வைக்காதீர்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்றத்தில் நடப்பது விளங்காத தரப்பாருக்குத் தமிழில் மொழிபெயர்ப்புக் கொடுப்பது அரசின் கடமை. “எனக்கு விளங்கவில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

அரசாங்க அலுவலகத்தில் இருக்கிற தாளைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

சட்டத்தரணி காசை வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் ஏமாற்றினால் நாம் ஊமையாக இருக்க வேண்டியதில்லை. அவரை விசாரித்துத் தடைசெய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. முறைப்பாட்டுக்கும் தாள்தான் வேண்டும். பற்றுச்சீட்டு கேளுங்கள் என்று மேலே சொன்னது அதனால்தான்.

கடைசியாக ஒன்று. வழக்கு வந்த பிறகு தாள் தேடாதீர்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கடிதங்கள், தோட்டக் காரியாலயத்தில் தந்த எந்தத் தாளானாலும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ட்ரங்குப் பெட்டியில் மழை படாமல் வையுங்கள். வந்த கடிதத்தின் மூலையில் எந்த நாளில் கைக்குக் கிடைத்தது என்று எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் நாளைக்கு உங்கள் வேலையையும் வீட்டையும் காப்பாற்றக்கூடும்.