காமிராவும் கண்ணின் ஞாபகமும்

படூரிலிருந்து கிழக்கே சென்றால் முதலில் உப்பங்கழி; அப்பால் கடல். வைகறையில் அந்த நீர் ஈயம்போல் மங்கியிருக்கும். சூரியோதயத்தில் செம்புத் தகடாகும். உச்சிவேளையில் கண்ணைக் கூசவைக்கும். இங்கே பிறந்த குழந்தை தானாகவே கற்கும் பாடம் இது. இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கும் கலைஞனுக்கு இதுவே மூலதனம் என்பது நம் அபிப்பிராயம்.

புகைப்படக் கலை நம் நாட்டுக்கு வந்தபோது அதற்கு வர்ணம் தெரியாது. 1858-ல் சென்னை ராஜதானி அரசாங்கத்துக்காக லின்னேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரை, தஞ்சை முதலிய ஸ்தலங்களைப் படமெடுத்தார். கோபுரங்களின் கம்பீரம் அவற்றில் அற்புதமாய் அமைந்திருக்கிறது. ஆனால், அக்காலத்து ரசாயனப் பூச்சு பெரும்பாலும் நீல ஒளிக்கே இணங்கும். ஆகவே நீல வானம் வெளுத்துப் போகும். சிவப்பு கறுத்துப் போகும். நம் பெண்மணிகளின் குங்குமம் அந்தக் காமிராவுக்குக் கரும்பொட்டு!

1935-ல் கோடாக்ரோம் என்ற வர்ணப் பிலிம் வெளிவந்தது. அதன் பிறகும் மேனாட்டுக் கலைஞர் பலர் கறுப்பு வெள்ளையையே உயர்ந்த கலை என்று நெடுங்காலம் போற்றினர். அதற்கு இணங்காதவர் ரகுபீர் சிங். 1942-ல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். இளஞ்சிவப்பு மாளிகைகளும், பல நிறத் தலைப்பாகைகளும், ராஜஸ்தானத்துச் சிற்றோவியங்களும் அவர் கண்ணைப் பழக்கின. பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் வாழ்ந்தும், படமெடுக்கப் பாரதத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார். 1974-ல் கங்கையைப் பற்றியும், 1996-ல் நம் தமிழ்நாட்டைப் பற்றியும் அவருடைய படநூல்கள் வெளிவந்தன. இந்தியரின் கண் வர்ணத்திலேயே பார்க்கிறது என்பது, 1999-ல் காலமாகும்வரை அவர் கொண்டிருந்த கொள்கை.

ஞாபகம் படமாவது எவ்வாறு? காலையில் கதிரவனின் ஒளி சாய்வாகக் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிவிட, பொன்னும் சிவப்பும் எஞ்சுகின்றன. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல் அப்போது சிறிது நேரமே செம்பொன்னாய் ஒளிரும். அதை முன்பே கண்டு மனத்தில் வைத்திருப்பவன்தான், எங்கே நிற்பது, எதுவரை காத்திருப்பது என்று அறிவான்.

இன்று படூரைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்து அடிவானத்தை மறைத்து வருகின்றன. கையிலுள்ள தொலைபேசியோ, நாம் கேளாமலே படத்தின் வானத்துக்கு நீலம் கூட்டுகிறது. உண்மையான நீலத்தை அறியாத குழந்தை அதையே வானம் என்று நம்பிவிடும். ஆகையால், பெற்றோர்களே, விடுமுறையில் ஒரு நாள் விடியுமுன் குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். காமிராவைப் பிறகு கொடுக்கலாம்.