அடக்கமும் கணக்கும்

கொச்சியில், தேவராவில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் மாலை வேளைகளில் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஒன்றாக அமர்ந்து கணக்குப் போடுவதுண்டு. அவர்களுள் ஒரு சிறுவன் பிறர்க்கு விளங்காததையும் விளக்குவான். ஆயினும் வகுப்பில் அவன் வாய் திறப்பதேயில்லை என்றும், தேர்வில் மதிப்பெண் குறைந்துகொண்டே வருகிறதென்றும் அவன் தாயார் வருந்தினார். "தெரியாததை ஆசிரியரிடம் கேட்பதற்கென்ன, தம்பி?" என்று வினவினேன். "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசலாமா, மாமா?" என்றான். அவனுக்கு அதனைக் கற்பித்தவர்கள் நாமே அல்லவா?

கணக்கு எந்நாட்டுக்கும் பொது. ஆனால் அதைக் கற்கும் பிள்ளை தன் வீட்டுப் பண்புகளையும் உடன்கொண்டே வகுப்பினுள் நுழைகிறது. நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். எண்சுவடியைச் சட்டாம்பிள்ளை முதலிற் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒன்று என்று கீழ்வாய்க் கணக்கு நாவில் ஏறிவிடும். இதனை வெறும் உருப்போடல் என்று இகழ்வோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. நெல்லளவும் நிலவளவும் அப்பின்னங்களாலேயே நடந்த காலத்தில், மனனம் செய்தது கைக்குக் கருவியாயிற்று. மேலும், கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே கடமையாக இருந்தது. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி 1797-இல் அவர் எழுதிய நூலால், அம்முறை 'மதராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்தில் பரவிற்று.

ஆனால் அத்திண்ணையில் குருவை இடைமறித்து "ஏன்?" என்று கேட்பது எளிதன்று. இன்றைய கணக்குப் பாடமோ அந்த "ஏன்" என்னும் கேள்வியையே எதிர்பார்க்கிறது.

பிற மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. மொழிபெயர்ப்பே என் பிழைப்பாதலால் இதனை மிகுதியாகக் கவனிக்கிறேன் போலும். வீட்டில் பெருக்கல், வகுத்தல் என்று கேட்ட செவிக்கு, மலையாள வகுப்பில் குணனம், ஹரணம் என்ற சொற்கள் புதியவை. சொல் விளங்காமல் விழிக்கும் பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை என்று கருதிவிடுகிறோம். இத்தனைக்கும், காணியும் மாவும் முந்திரியும் பழைய மலையாளக் கணக்கிலும் வழங்கியவையே!

பசிபிக் தீவுகளான சமோவா, தொங்கா முதலியவற்றிலிருந்து நியூசிலாந்தில் குடியேறிய குடும்பங்களிலும் இதே நிலை காணப்பட்டது. பெரியோரை எதிர்த்து வினவாமையும், தன் நலத்தினும் குடும்ப நலத்தைப் பெரிதாகக் கொள்ளுதலும் அவர்தம் பண்புகள். மாஸ்ஸி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட்டா ஹன்டர், கிளென்டா அந்தோணி ஆகியோர் அப்பண்புகளைக் களைய முற்படவில்லை. அவற்றின் மீதே பாடத்தை அமைத்தனர். பிள்ளைகள் குழுவாகக் கணக்கை ஆராய்வர். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதனை விளக்க வல்லவராக வேண்டும். அந்நிலையில் ஐயம் கேட்பது துடுக்குத்தனமாகாது; உடன் பயிலுவோர்க்குச் செய்யும் உதவியாகவே கருதப்படும்.

நம் தெருச் சிறுவனுக்கும் நான் இவ்வழியையே கூறினேன். "உனக்காகக் கேட்கக் கூச்சமாயின், பக்கத்திலிருப்பவனுக்காகக் கேள்" என்றேன். சில நாள் கழித்து அவன், ஹரணம் என்பது வகுத்தல்தானா என்று பாடம் முடிந்தபின் எழுந்து நின்று வினவினானாம். பின்வரிசையில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் உடனே தங்கள் ஏட்டைத் திறந்து அதனைக் குறித்துக்கொண்டார்களாம்.