மழைநீர் செல்லும் வழி

கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது கியா பார்ம். காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் தோட்டங்களும் நெகிழிக் கூரைகளும் நிறைந்துள்ளன. காட்டு நிலம் மழைநீரை உறிஞ்சி மெல்ல வெளியிடும். நெகிழிக் கூரையிலும் தார்ச்சாலையிலும் விழும் நீரோ உடனே கீழ்நோக்கிப் பாய்கிறது. திறந்து கிடக்கும் மண்ணையும் அரித்துச் செல்கிறது. இந்நீரைப் பாதுகாப்பாக ஆற்றில் சேர்ப்பதே வடிகாலின் பணியாகும்.

கால்வாய் இருப்பதாலேயே அது சரியாகப் பயன்படுகிறது என்று கூறிவிட முடியாது. எனவே, அதன் நிலையை அவ்வப்போது மதிப்பிட வேண்டும். ஆய்வாளர்கள் முதலில், கால்வாய்கள் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றன என்பதை வரைபடத்தில் குறிப்பர். பின்னர், அடியில் படிந்த வண்டல், சுவரில் உள்ள விரிசல், குப்பையால் ஏற்பட்ட அடைப்பு ஆகியவற்றைச் சோதிப்பர். ஆள் நுழைய முடியாத குழாய்களுக்குள் படக்கருவியை அனுப்பிப் பார்ப்பர். இறுதியாக, இன்றைய மழையளவுக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் அக்கால்வாய் போதுமா என்று கணக்கிடுவர். ஒரு மீட்டர் ஆழமுள்ள செவ்வகக் கால்வாயில் அரை மீட்டர் வண்டல் படிந்தால், நீர் செல்லப் பாதி இடமே எஞ்சும்.

மேட்டில் கவனிக்கப்படாத மண் பள்ளத்தில் ஆபத்தாகிறது. பெர்த்தாம் ஆறும், சுரங்கவழி அதனுடன் சேர்க்கப்படும் தெலோம் ஆற்று நீரும் ரிங்லெட் ஏரியை அடைகின்றன. மின் உற்பத்திக்காக 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையால் உருவானது இவ்வேரி. ஆறுகள் சுமந்துவந்த வண்டலால் அதன் கொள்ளளவு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் பலியாயின, வீடுகளும் சேதமடைந்தன.

மலேசிய நீர்ப்பாசன, வடிகால் துறை 2000-ஆம் ஆண்டில் நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேட்டை வெளியிட்டது. நீரை விரைந்து வெளியேற்றினால் மட்டும் போதாது. அது விழும் இடத்திலேயே தேக்கி மெல்ல விடவேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்தாகும். சரிவுகளில் புல் வளர்த்தல், வண்டல் தேக்கக் குட்டைகள் அமைத்தல், கால்வாயில் குப்பை கொட்டாதிருத்தல் ஆகியவை இதற்குத் துணைபுரியும்.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது முதுமொழி. கேமரன் மலைக்கு அணை மட்டும் போதாது. மேட்டிலுள்ள சிறு கால்வாயைத் தூய்மையாக வைத்திருப்பது, பள்ளத்தில் உறங்கும் குடும்பங்களைக் காக்கும் செயலாகும்.